பொந்தில் அடைபட்ட இருவாச்சி

மலைச்சோலை ஒன்றில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் வாழ்ந்து வந்தன. பெட்டையின் பெயர் பொன்னலகி. சேவலின் பெயர் விரிசிறகன். விரிசிறகன் பறந்தால் அந்தச் சிறகோசை பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெட்டை ஒரு மரப்பொந்துக்குள் புகுந்துகொள்ளும். வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். உள்ளே அதன் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும் வரை அதனால் பறக்க முடியாது. அதுவரை சேவல்தான் பழம் பறித்து வந்து அந்தப் பிளவு வழியே ஊட்டும்.

பொன்னலகியும் அப்படித்தான் உயர்ந்த மரம் ஒன்றின் பொந்துக்குள் போனாள். விரிசிறகன் தொண்டை நிறையப் பழம் சுமந்து வந்து ஊட்டினான். முட்டை பொரிந்தது. "குஞ்சு யாரைப்போல இருக்கிறது?" என்று அவன் வெளியே நின்று கேட்பான். "கத்துவதில் உங்களைப்போல!" என்று அவள் உள்ளிருந்து சொல்வாள்.

ஒரு நாள் காலையில் பழம் தேடிப் போன விரிசிறகன் திரும்பவில்லை. அத்திமரத்தில் இருந்தவனை வேடன் ஒருவனின் அம்பு தைத்துவிட்டது.

அதைக் கண்ணால் பார்த்தவள் துடிவாலி என்ற மலையணில். அவள் மூச்சிரைக்க ஓடிவந்து பொந்தின் வாசலில் தொற்றிக்கொண்டாள்.

"பொன்னலகி அக்கா!"

"யாரது, துடிவாலியா? அவரை எங்கேயாவது பார்த்தாயா? குஞ்சு பசியில் கத்துகிறது!"

துடிவாலி மெல்லச் சொன்னாள்: "அக்கா, அவர் இனி வரமாட்டார். வேடன் அம்பு எய்துவிட்டான்."

உள்ளிருந்து பொன்னலகியின் குரல் உடைந்து வந்தது.

"நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? அடுத்தவர் வாயிலிருந்த பழத்தை ஒருநாளும் நான் பறித்ததில்லையே! நான் கிடக்கட்டும். இன்னும் கண்கூடத் திறக்காத இந்தக் குஞ்சு யாருக்கு என்ன செய்தது? ஆண்டவனே, இதுதான் உன் நியாயமா?"

உதவி கேட்கத் துடிவாலி சுனைக்கு ஓடினாள்.

சுனைக்கரையில் கருமந்திக் கூட்டம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தின் தலைவன் கருமுகன். மலைக்கோயில் மதிலில் உட்கார்ந்து உபந்நியாசம் கேட்டவன் என்று காட்டில் அவனுக்குப் பெரிய பெயர். பாதி கேட்டுக்கொண்டிருந்தபோது மழை வந்துவிட்டது, அவன் ஓடிவந்துவிட்டான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவன் அருகில் அவன் மனைவி மெல்லடி இருந்தாள். கேளையாடு என்னும் சிறு மானும் முள்ளம்பன்றியும் காட்டுக்கோழியும் கூட அங்கே இருந்தன.

துடிவாலி நடந்ததைச் சொன்னாள். "எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பழம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள்!" என்றாள்.

"பொந்தை உடைத்து அவளை வெளியே விட்டுவிடலாமே?" என்றது முள்ளம்பன்றி.

"ஐயையோ! அவளுக்கு இறகு இல்லை. வெளியே வந்தால் மரநாய் ஒரே வாயில் தின்றுவிடும்!" என்றாள் துடிவாலி.

எல்லோரும் கருமுகனைப் பார்த்தார்கள். கருமுகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பாவம்தான். ஆனால் இதெல்லாம் முற்பிறவி வினை. அவள் போன பிறவியில் யாரையோ அடைத்துவைத்துப் பட்டினி போட்டிருப்பாள். அதனால்தான் இந்தப் பிறவியில் அடைபட்டுப் பசியோடு கிடக்கிறாள். ஆண்டவன் போட்ட தண்டனைக்கு நடுவில் நாம் புகுந்தால் அந்தப் பாவம் நம்மைத்தான் சேரும்!"

"குஞ்சு என்ன செய்தது மாமா?" என்று கேட்டாள் துடிவாலி.

"அதுவும் ஏதாவது செய்திருக்கும்! செய்யாமலா இப்படி ஒரு பொந்தில் வந்து பிறக்கும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. அதைக் கேட்டபின் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கேளையாடு தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கிளம்பியது. மெல்லடி மட்டும் தலையாட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

துடிவாலி வாதாடத் தெரியாதவள். ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு மரம் ஏறினாள்.

"சுனையில் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டாள் பொன்னலகி. துடிவாலி மறைக்காமல் சொன்னாள்.

"அப்படியானால் நான் பாவியா?"

"எனக்குத் தெரியாது அக்கா. பழம் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் குஞ்சுக்குக் கொடு, நீயும் சாப்பிடு."

அன்று முதல் துடிவாலி ஓயவில்லை. இருவாச்சியின் தொண்டையில் ஒரு குலைப் பழம் கொள்ளும். அணிலின் வாயிலோ ஒன்றுதான் கொள்ளும். அவள் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். தன் கூட்டுக்கு மழைக்காலத்துக்கு முன் இலை சேர்க்கக்கூட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மழை தொடங்கியது. மரப்பட்டையெல்லாம் வழுக்கியது. கருமந்திக் கூட்டம் உட்கார்ந்திருந்த அத்திமரத்தில் துடிவாலி பழம் பறிக்கத் தாவினாள். பிடி நழுவியது. கிளைக்குக் கிளை மோதிக் கீழே விழுந்தாள். முன்னங்கால் பிசகி, மரத்தின் வேரிடுக்கில் ஒதுங்கிக் கிடந்தாள்.

கருமுகன் மேலிருந்து கத்தினான். "பார்த்தாயா! வினைக்குக் குறுக்கே போனாய். உடனே பலன் கிடைத்தது!"

"போதும், நிறுத்துங்கள்!"

கத்தியது மெல்லடி. அவள் உரக்கப் பேசி அந்தக் கூட்டம் கேட்டதே இல்லை. குட்டிகள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"பசித்தவளுக்குப் பழம் கொண்டுபோனதற்கு ஆண்டவன் காலை முறிப்பானா? அப்படிப்பட்டவனா அவன்? போன கோடையில் நம் குட்டி கிளை முறிந்து விழுந்து செத்தான். அப்போதும் இதைத்தான் சொன்னீர்கள். 'அவன் வினை அவ்வளவுதான், அழாதே' என்றீர்கள். நான் அழவில்லை. ஆனால் என் பிள்ளையைப் பாவி என்று சொன்ன அந்த ஒரு சொல் இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது!"

கருமுகனின் முகம் மாறியது. அவன் கிளையை இறுகப் பற்றிக்கொண்டான்.

"நான் வேறு என்ன சொல்வேன் மெல்லடி? ஏதோ ஒரு காரணம் இருந்தால்தான் என்னால் தாங்க முடிந்தது. ஒரு காரணமும் இல்லாமல் அவன் செத்தான் என்றால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்?"

மெல்லடியின் கோபம் தணிந்தது. அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காரணம் இருக்கலாம். அது ஆண்டவனுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வினை என்றால் செய்கை என்றுதானே பொருள்? பொன்னலகி போன பிறவியில் என்ன செய்தாளோ! இப்போது நான் என்ன செய்யப்போகிறேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும்."

அவள் இரண்டு கைகளிலும் பழம் பறித்து வாயிலும் அடக்கிக்கொண்டு மழையோடு மழையாகப் போனாள்.

கருமுகன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மழை விட்டது. அவன் கீழே இறங்கி, துடிவாலியை மெல்லத் தூக்கி அவள் கூட்டில் விட்டான். பிறகு கனிந்த பழமாகப் பார்த்துப் பார்த்துப் பறித்துக்கொண்டு பொந்துக்குப் போனான்.

உள்ளே குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. பசித்த பிள்ளையின் குரல் எந்தச் சாதியில் பிறந்தாலும் ஒன்றுதான். கருமுகன் பிளவுக்குள் பழத்தை நீட்டினான். மெத்தென்ற ஒரு சின்ன அலகு பழத்தோடு சேர்த்து அவன் விரலையும் கவ்வியது. அவன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

"பொன்னலகி, தெரியாததைத் தெரிந்தவன்போலச் சொல்லிவிட்டேன். உன்னையும் குஞ்சையும் பாவி என்றேன். மன்னித்துவிடு தாயே!"

"என் மேல் பழி போட்டீர்கள், அது வலித்தது அண்ணா," என்றாள் பொன்னலகி. "ஆனால் என் குஞ்சு உங்கள் கையால் சாப்பிடுகிறது. இனி அந்தப் பேச்சு எதற்கு?"

தலைவனே போகிறான் என்றதும் மற்றவர்களும் வந்தார்கள். காட்டுக்கோழி புழுக்களைப் பொறுக்கி மரத்தடியில் வைத்தது, மந்திகள் அவற்றை மேலே கொண்டுபோயின. மரம் ஏறத் தெரியாத முள்ளம்பன்றி முட்களை விரித்துக்கொண்டு அடியிலேயே படுத்துக்கொண்டது. மரநாய் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கேளையாடு மட்டும் கடைசிவரை வரவில்லை. அதற்கு எப்போதும் வேறு வேலை இருந்தது.

மழைக்காலம் முடிந்தது. ஒரு காலையில் பொந்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. பொன்னலகி உள்ளிருந்து சுவரைக் கொத்தினாள். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. புது இறகோடு அவள் வெளியே வந்தாள். குஞ்சு வாசலில் நின்று பயந்து பயந்து பார்த்தது. பிறகு தாவியது. கிளையில் இறங்கத் தெரியாமல் மெல்லடியின் மடியில் பொத்தென்று விழுந்தது. காடே சிரித்தது. எல்லாரையும்விட மெல்லடிதான் அதிகமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பொன்னலகி நேராகத் துடிவாலியின் கூட்டுக்குப் பறந்தாள். துடிவாலியின் கால் இன்னும் சரியாகவில்லை. அவள் நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அக்கா! பறந்துவிட்டாயா!"

"பறந்துவிட்டேன் துடிவாலி. எனக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்று இன்னும் தெரியவில்லை. அவரை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அந்தக் கேள்வியை ஆண்டவனிடம் நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் அவன் என்னைக் கைவிட்டான் என்று மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் அழுத அன்றே அவன் உன்னை அனுப்பிவிட்டானே!"

"என்னை யாரும் அனுப்பவில்லை அக்கா," என்று துடிவாலி வெட்கத்தோடு சொன்னாள். "குஞ்சு கத்தியது. பொறுக்கவில்லை. அதனால் வந்தேன்."

"அதைத்தான் நான் சொல்கிறேன்!" என்றாள் பொன்னலகி.

துடிவாலி நன்றாக ஏறி இறங்கும்வரை பொன்னலகியே அவளுக்குப் பழம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பழத்தையும் அவள் முன் வைக்கும்போது ஒருமுறை தலை தாழ்த்துவாள். "போதும் அக்கா, கூச்சமாக இருக்கிறது!" என்று துடிவாலி சொல்லிப் பார்த்தாள். பொன்னலகி கேட்கவில்லை. அவளைப் பார்த்துக் குஞ்சும் தலை தாழ்த்தக் கற்றுக்கொண்டது.

துன்பப்படுகிறவர் முன்பு என்ன வினை செய்தார் என்று ஆராய்வது நம் வேலையல்ல. அவருக்கு இப்போது நாம் செய்வதே நம் வினை.