சத்தம் புகாத வண்டி

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி பொன்னுரங்கம், தன் புது சொகுசு எஸ்யூவியின் தோல் சீட்டைத் தடவித் தடவி விருந்தாளிகளுக்குக் காட்டினார். டிரைவர் மருதாசலத்தைக் கூப்பிட்டு, "இதுல ஒரு குறை சொல்லு பாக்கலாம். முடியாட்டி சாவியை வெச்சுட்டுக் கிளம்பு" என்றார்.

"நீங்க உள்ள உக்காருங்க மொதலாளி. வெளியே நின்னு சொல்றனுங்க."

கதவு மூடியதும் மருதாசலம் தொண்டை கிழியக் கத்தினான். முதலாளி கண்ணாடியை இறக்கி, "என்னடா சொன்னே? ஒண்ணும் கேக்கலையே!" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள்.

மருதாசலம் சிரிக்கவில்லை. "அதுதானுங்க குறை. காலைல நாம கேட்டைத் தாண்டறப்ப உங்க அக்கா கூப்பிட்டுட்டே பின்னால ஓடி வந்தாங்களாம். தம்பி வேணும்னே நிறுத்தலைன்னு நெனச்சு, பலகாரத்தை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டு ஊருக்கே திரும்பிட்டாங்க."

முதலாளி இறங்கவில்லை. "அக்கா வீட்டுக்கு விடு" என்றார். வழியெல்லாம் நாலு கண்ணாடியும் இறங்கியே இருந்தன. கூப்பிடத்தான் யாருமில்லை.