ஐந்து அங்குலம்

மலையடிவாரத்தில் சிக்கந்தர் பாய் ஜீப் பட்டறை நடத்திவந்தார். அவரிடம் தொழில் பழகியவர்கள் இருவர். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு நாற்பது வயதில் வந்து சேர்ந்தவன் தவசி. அவனுக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவன் மிக்கேல்.

எஸ்டேட் பாதையில் அடிப்பாகம் கல்லில் தட்டாமலிருக்க ஜீப்பைத் தூக்கி வைப்பார்கள். வண்டியைத் தாங்கும் வில்பட்டைக்கும் சக்கர அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை கொடுத்தால் வண்டி உயரும். இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது அந்த மாவட்டத்தின் விதி. அளந்து பார்த்துப் பட்டறை முத்திரை குத்திக் கொடுத்தால்தான் வண்டி மலையேறலாம்.

அந்த முத்திரையைப் பாய் மிக்கேலிடம் கொடுத்தார்.

அன்று தவசிக்குச் சோறு இறங்கவில்லை. மிக்கேல் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகப் பட்டது. "மிக்கேல் இருக்காரா?" என்று டிரைவர்கள் கேட்டு வரும்போதெல்லாம் ஸ்பேனரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனான். மிக்கேல் நல்லவன் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

பாயும் மிக்கேலும் சாமான் வாங்க வெளியூர் போயிருந்த நாளில், ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று வந்தது. தவசி அதை ஐந்து அங்குலம் தூக்கினான்.

கூட்டம் கூடிவிட்டது.

"இதுக்கு முன்னால மிக்கேல் செஞ்ச வண்டியெல்லாம் ஆட்டுக்குட்டி" என்றான் டிரைவர்.

பல நாளைக்குப் பிறகு தவசி நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் பாயும் மிக்கேலும் திரும்பி வந்ததும் பாயிடம் கேட்டான்.

"பாத்துச் சொல்லுங்க பாய். யாரு வேலை ஒசத்தி?"

பாய் வண்டியைச் சுற்றி வந்தார். "இதுல எத்தனை பேரு போவாங்க?"

"எட்டுப் பேரு."

எட்டு மணல் மூட்டைகளைச் சீட்டுகளில் ஏற்றிக் கட்டச் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் மலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவு. அதன் வெளிப்பக்கம் பள்ளமில்லை, மண்மேடு.

"அதுல திரும்பி வா. மெதுவாப் போ."

தவசி மெதுவாகத்தான் போனான். பாதி வளைவில் உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. வண்டி மண்மேட்டின் மேல் சாய்ந்து விழுந்தது. இரண்டு மூட்டைகள் கிழிந்து மணல் கொட்டியது.

மிக்கேல்தான் ஓடிவந்து அவனை வெளியே இழுத்தான். முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்தான். அந்தக் கை பட்டதும் தவசிக்கு உடம்பு கூசியது. துண்டைத் தள்ளிவிட்டான். மிக்கேல் வண்டியை நிமிர்த்தக் கயிறு எடுக்கப் போனான்.

கிழிந்த மூட்டைகளையே பாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு அங்குலம்கிறது எவனோ மேசையில உக்காந்து எழுதினது பாய்" என்றான் தவசி. "என் கணக்கு தப்பாது. சரியாத்தான் அளந்தேன்."

"எங்கருந்து அளந்தே?"

"தரையிலருந்து."

"இல்ல தவசி" என்றார் பாய். "மிக்கேல்கிட்டருந்து."