எறும்பு பார்த்த வயசு

நான் ஓய்வு பெற்ற தாசில்தார். சந்தையில் ஒருவன் விற்ற மண்பானையை ரெண்டாயிரம் வருஷத்துச் சரக்கு என்று நம்பி வாங்கி, தெருவையே கூட்டிக் காட்டிய அறிவாளி. மேலே அப்பியிருந்த மண்தான் என் சாட்சி.

வீட்டு வேலைக்கு வரும் முத்துராக்கு பெருக்கும்போது அதை உடைத்துவிட்டாள்.

"இதே வயசுப் பானை நாளைக்கு இங்கே இருக்கணும். ஒரு நாள் குறைஞ்சாலும் வேலைக்கு வராதே" என்றேன்.

"வயசு தெரிஞ்சாத்தானேய்யா வாங்க முடியும்" என்று ஒரு சில்லை வாளித் தண்ணீரில் போட்டாள். மற்றதைத் தரையிலேயே விட்டாள்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாளித் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. சில்லு புதுச் செங்கல் போலச் சிவந்திருந்தது. தரையில் கிடந்த சில்லுகளை எறும்பு மொய்த்திருந்தது.

"வெல்லப்பாகுல மண்ணைக் குழைச்சு அப்பியிருக்கான்யா. ரெண்டாயிரம் வருஷமா இந்த எறும்பெல்லாம் எங்க போயிருந்துச்சு?"

அவள் ஒரு புதுப்பானையை என் முன்னால் வைத்தாள்.

"போன மாசம் சுட்டது. உங்க பானைக்கு இது அண்ணனாக்கூட இருக்கும்."

அவள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். பழம்பொருள் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் புதுப்பானைத் தண்ணீரைக் கொடுக்கிறேன். ஏதாவது பொருளுக்கு வயசு கேட்டால், முத்துராக்குவைக் கூப்பிடுகிறேன்.