சுமைதாங்கிப் பாட்டுக்கு விளக்கம்

"இந்த விளக்கத்தையும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நான் மடத்தை விட்டே போயிடுவேன் அம்மா. பெட்டியைக் கட்டி வெச்சாச்சு."

சிற்றம்பலம் இப்படிச் சொன்னதற்கு அவருடைய குரு வடிவாம்பாள் பதறவில்லை.

"போறதுன்னா மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க. இப்ப இந்தப் பூசணி மூட்டையைத் தூக்குங்க. நாளைக்குக் குருபூசைச் சமையலுக்கு வேணும்."

அவர் தலையில் மூட்டை ஏறியது. அந்தம்மாள் தலையில் கத்தரிக்காய்க் கூடை. தோட்டத்திலிருந்து மடத்துக்கு நல்ல வெயிலில் நடந்தார்கள்.

சிற்றம்பலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? மடத்தை நிறுவிய சாமியார் பாடி வைத்தது இரண்டே அடி.

*சுமைதாங்கி நிற்குதடி ஊரோரம் – அதைச்*
*சுற்றிவந்தும் குறையவில்லை என் பாரம்.*

இதற்குச் சிற்றம்பலம் எழுதிப் பார்க்காத விளக்கமில்லை. ஒவ்வொன்றையும் வடிவாம்பாள் பொறுமையாகக் கேட்பார், கொட்டாவி விடுவார், "இன்னும் பாருங்க" என்பார். நாளைக்கு ஊரே கூடி உட்கார்ந்திருக்கும். மேடையேறி எதைச் சொல்வது?

ஊர் எல்லையில் பாட்டில் வரும் அந்தச் சுமைதாங்கியே வந்துவிட்டது. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் போட்டிருந்தார்கள். வழியில் போகிறவர் யார் உதவியும் இல்லாமல் தலைச்சுமையை இறக்கி ஏற்றத் தோதான உயரம்.

வடிவாம்பாள் கூடையை அதன்மேல் இறக்கிவிட்டு, பக்கத்துப் புளியமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

சிற்றம்பலம் விடுவதாக இல்லை. "சுமைதாங்கின்னா என்னம்மா? மூலாதாரம்!"

"ம்."

"ஊர்னா உடம்பு. ஊரோரம்னா உடம்போட அடி. கணக்கா வருதா இல்லையா?" பேசிக்கொண்டே கல்லைச் சுற்றி நடந்தார்.

"ம்."

"சுத்தி வர்றது மூச்சு. பாரம்னா பழவினை!"

மறுபடி ஒரு சுற்று. வியர்வை கண்ணில் இறங்கியது. ஒரு பக்கமாகச் சரிந்த மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கல்லைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

வடிவாம்பாள் கொட்டாவி விட்டார்.

"சரியா, தப்பா? இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்! எனக்குக் கழுத்தே ஒடிஞ்சு போகுது!"

"கழுத்து ஏன் ஒடியுது?"

"ஏனா? பூசணிக்காய்ம்மா! தலையில பூசணிக்காய்!"

"ஓ" என்றார் வடிவாம்பாள். "சரி, அந்தப் பாட்டை ஒருதரம் பாடுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

கோபத்தோடேயே பாடினார். முதல் அடி கணீரென்று வந்தது. இரண்டாம் அடியில் 'சுற்றிவந்தும்' வரைக்கும் போனார்.

குரல் நின்றுவிட்டது.

குனிய முடியாத கழுத்தோடு, கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். புழுதியில் கல்லைச் சுற்றிலும் அவருடைய கால் தடம்.

வடிவாம்பாள் எழுந்து வந்து, கல்லின் மேலிருந்த தன் கூடையை ஓரமாக நகர்த்தினார்.