எச்சரிக்கை வராத அரண்மனை

கணினி என்றால் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற முன்னொரு காலத்தில், மகரகேது என்னும் அரசர் ஒரு கோட்டையை ஆண்டார். கோட்டைக் கதவுகளையெல்லாம் ஒரு கணினியே திறந்து மூடியது. அதை ஆட்டிவைக்கும் மூல நிரலை எழுதியவர் மந்திரி தருமசீலர்.

நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். சந்தேகமான வரிகளைக் கண்டால் அது 'எச்சரிக்கை' என்று அச்சிடும். ஆனால் வேலையை நிறுத்தாது. காகிதம் சபைவரை நீண்டு வந்து விழும். அச்சுப்பொறியின் அந்தக் கரகர ஓசை இப்போது எங்கே கேட்கிறது!

ஒருநாள் அரசருக்குச் சலித்துவிட்டது. "நாளை முதல் ஓர் எச்சரிக்கைகூட வரக்கூடாது!"

விகடகவி அம்பலக்கூத்தன்மேல் தருமசீலருக்குத் தீராத பொறாமை. "அரசே, கூத்தரே இதற்குத் தகுந்தவர். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசரும் தலையசைத்தார்.

கூத்தன் வாடிய முகத்தோடு வீடு திரும்பினான்.

"கம்பைலர் வாயை அடைக்க ஒரு கட்டளை இருக்குன்னு சொல்வீங்களே, அதைப் போட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி வடிவு.

"வாயை அடைக்கலாம், வடிவு. கதவுல இருக்கற ஓட்டையை யார் அடைக்கிறது?"

மறுநாள் சபையில் கம்பைலர் ஓடியது. எச்சரிக்கை ஒன்றுமில்லை. 'பிழை, பிழை, நிரலை ஏற்க முடியாது' என்று அச்சிட்டுவிட்டு நின்றது.

"சதி!" என்று கத்தினார் தருமசீலர்.

"எச்சரிக்கை வரக்கூடாது என்பதுதானே கட்டளை, அரசே? எச்சரிக்கையையெல்லாம் பிழையாகவே கொள்ளும்படி செய்துவிட்டேன். திருத்தாமல் இனி எதுவும் நகராது."

அரசரின் முகம் சிவந்தது. "நன்றாக ஓடிய நிரலை நிறுத்த உமக்கு என்ன துணிச்சல்!"

கூத்தன் முதல் பிழையைப் படித்தான்: 'ஒதுக்கிய இடத்தைவிடப் பெயர் நீளமாக வரலாம்.' பிறகு, பழைய நிரலிலேயே ஓடிக்கொண்டிருந்த கருவூலக் கதவுக்கு அரசரையும் மந்திரியையும் அழைத்துப் போனான். அரசர் பெயருக்கு மட்டுமே திறக்கும் கதவு அது. கூத்தன் கதவருகே இருந்த விசைப்பலகையில் தன் பெயரைத் தட்டினான், திறக்கவில்லை. 'மகாமேதை மதியூகி மந்திரித்திலகம் தருமசீலர்' என்று தட்டினான். கதவு ஆவென்று திறந்தது.

அரசர் திடுக்கிட்டார். "எப்படி?"

"பெயர் இடம் போதாமல் வழிந்து, பக்கத்தில் எழுதியிருந்த 'அனுமதி இல்லை' என்ற குறிப்பை அழித்துவிட்டது, அரசே. கள்வனும் இதைத் தட்டலாம்."

அரசர் தருமசீலரைப் பார்த்தார், கூத்தனைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மந்திரியாரே, உம் பட்டங்களின் வலிமை இப்போதுதான் தெரிந்தது! எல்லாப் பிழையையும் திருத்திவிட்டு வீட்டுக்குப் போம்." தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். "கூத்தரே, இனி என் கட்டளைகளையும் அந்தக் கம்பைலரிடம் ஒருமுறை காட்டிவிடும்."

அரசர்களுக்குத் தம்மைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்திருந்த காலம் அது.