குறை உள்ளவர் எழுந்து நிற்கலாம்

முன்னொரு காலத்தில் பொழில்நாடு என்றொரு தேசத்தை நித்தியகுமார ராஜா ஆண்டுவந்தார். பெயரில்தான் குமாரன். வயசு என்ன என்று கேட்டால் அரண்மனையில் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் வேலை போய்விடும். தலைக்கு மை, மீசைக்கு மை, புருவத்துக்கும் மை. கண்ணாடி முன்னால் நின்று, "நமக்கு என்ன வயசு மதிக்கலாம்?" என்பார். "மீசையே இப்போதுதானே அரும்புகிறது மன்னா" என்று கூசாமல் சொல்வார் திருமேனி ராயர். இப்படிச் சொல்லிச் சொல்லியே ராயர் ஒரு பெரிய உத்தியோகத்தைப் பிடித்துவிட்டார்.

என்ன உத்தியோகம்? நாட்டிலுள்ள வயோதிகர்களுக்கு அரண்மனை செய்யும் உதவிகளையெல்லாம் மேற்பார்க்கும் உத்தியோகம். அடடா, அவர் பார்த்த லட்சணத்தைக் கேட்கவேண்டுமே! முதியோர் வைத்தியசாலையைக் குன்றின் உச்சியில் கொண்டுபோய்க் கட்டினார், அங்கேதான் காற்று நன்றாக வீசுமாம். பல் போனவர்களுக்கு மாதாமாதம் முறுக்கு கொடுத்தார். காது மந்தமானவர்கள் திடுக்கிடக்கூடாது என்று, தண்டோராக்காரனை மெதுவாகப் பேசச் சொல்லி உத்தரவு போட்டார்.

இதெல்லாம் சரிப்படவில்லை என்று மந்திரி சொக்கேசர் சபையிலேயே சொல்லிப்பார்த்தார். ராயர் விடுவாரா? பௌர்ணமிதோறும் வயோதிகர்களை அரண்மனை முற்றத்தில் வரிசையாகத் தரையில் உட்காரவைத்து, "குறை உள்ளவர் எழுந்து நிற்கலாம்" என்று கேட்கிறேனே, இதுவரை ஒருத்தராவது எழுந்தாரா என்று மடக்கினார். எழுந்தவர் யாருமில்லை என்பதும் நிஜம்தான். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராயருக்குத் தங்கக் காப்பு போட்டார்.

மந்திரி பதவிமேல் ராயருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இதுதான் சமயம் என்று பந்தயம் கட்டினார். வருகிற பௌர்ணமியில் ஒரே ஒரு ஆள் குறை சொல்ல எழுந்தாலும் தாம் உத்தியோகத்தை விட்டுவிடுவதாகவும், எழாவிட்டால் மந்திரி தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். ராஜா கைதட்டி ஒப்புக்கொண்டார்.

சொக்கேசருக்கு ஒரே கவலை. மோதிரம் அந்த ஆள் விரலுக்குப் போனால் இந்தக் கிழங்களின் கதி என்ன? பழைய பல்லக்குத்தூக்கி பேச்சிமுத்துவைத் தேடிப்போனார். தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் ராயரைத் திட்டித் தீர்க்கிற ஆள் அவர். சபையில் மட்டும் ஏன் வாயில் கொழுக்கட்டை என்று மந்திரி கேட்டார்.

"உக்காந்துக்கிட்டே பேசினா ராஜாவுக்கு மரியாதை இல்லைன்னு சட்டம் வச்சிருக்காங்க" என்றார் பேச்சிமுத்து. "எந்திரிச்சுப் பேசணுமாம். மகன் வந்து தூக்குற வரைக்கும் நான் தரையோட தரை. எந்திரிக்க முடியாததுதானே ஐயா எங்க குறையே."

மந்திரி ஒரு கணம் முழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், தலைப்பாகை கழன்று விழுகிற மாதிரி சிரித்தார்.

பௌர்ணமி வந்தது. வயோதிகர்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ராஜா அரியணையை நோக்கி நடந்தபோது சொக்கேசர் பக்கத்தில் போய், "ஆசனம் வயசானவர்களுக்கு ஆயிற்றே மன்னா, இளவட்டங்கள் தரையில்தானே உட்காருவார்கள்?" என்று காதில் மெல்ல ஊதிவிட்டார். அவ்வளவுதான், ராஜா தடாலென்று பேச்சிமுத்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ராயர் வழக்கமான கேள்வியைக் கணீரென்று கேட்டார். யாரும் எழவில்லை. மோதிரத்துக்காகக் கையை நீட்டிவிட்டார். சொக்கேசர் மோதிரத்தைப் பாதி கழற்றியபடி, தாமும் ஒரு கேள்வி கேட்கலாமா என்று ராஜாவிடம் அனுமதி வாங்கினார்.

"குறை இல்லாதவர்கள் எழுந்து நிற்கலாம்."

அப்போதும் யாரும் எழவில்லை. முற்றம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ராஜாவுக்கு ஒரே குழப்பம். குறையும் இல்லை, குறை இல்லாமலும் இல்லை என்றால் இவர்கள் என்ன பிறவிகள் என்றார். காதில் விழுந்திருக்காது என்று ராயர் சமாளித்தார்.

"அப்படியானால் மன்னர் எழுந்து காட்டட்டும்" என்றார் சொக்கேசர். "பார்த்தாவது புரிந்துகொள்வார்கள். மன்னருக்குத்தான் குறை ஒன்றும் இல்லையே."

ராஜா எழுந்தார். அதாவது, எழப்பார்த்தார். முட்டி படக்கென்றது. வலது கையை ஊன்றினார், இடுப்பு வரவில்லை. இடது கையை ஊன்றினார், கிரீடம் சாய்ந்தது. பேச்சிமுத்துவின் தோளைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உருண்டார்கள். வேர்வையில் புருவ மை கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"மன்னா, தங்களுக்கு என்ன குறை?" என்று பதறினார் ராயர்.

"எழுந்திருக்க முடியவில்லை, அதுதான் குறை" என்று கத்திவிட்டார் ராஜா.

தம் தலை போகப்போகிறது என்றே சொக்கேசர் நினைத்தார். ராஜா பேச்சிமுத்துவைப் பார்த்தார், பேச்சிமுத்து ராஜாவைப் பார்த்தார். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. முற்றம் முழுக்கப் பொக்கை வாய்ச் சிரிப்பு, நடுவில் ராஜாவின் சிரிப்பு. மல்லாந்து படுத்தபடியே அவர் தீர்ப்புச் சொன்னார். இனி இந்தச் சபையில் உட்கார்ந்தே பேசலாம், படுத்துக்கொண்டும் பேசலாம். தங்கக் காப்பு மந்திரிக்கு. மோதிரம் இருந்த விரலிலேயே இருக்கட்டும். ராயர் உத்தியோகத்தை விடவேண்டாம், ஆனால் இப்போதே தரையில் உட்கார்ந்து பெரியவர்களின் குறைகளைக் கேட்கவேண்டும்.

ராயர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். எப்போது எழுந்திருக்கலாம் என்று பரிதாபமாகக் கேட்டார்.

"என்னை ஏன் கேட்கிறீர்? அவர்களைக் கேளும்" என்றார் ராஜா.

ராயர் திரும்பினார். பேச்சிமுத்து வெற்றிலையை மடித்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டு, காலை வசதியாக நீட்டிக்கொண்டார்.

"என்ன அவசரம் ராயரே, நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."