ராகு காலத்தில் பார்த்த வீடு

இது நான் நேரில் கண்டதல்ல. என்னோடு அலுவலகத்தில் வேலை செய்யும் வேலுமணி அக்கா சொன்னது. அவர் பாதியைக் கண்ணால் பார்த்தவர், மீதியைப் பிறர் சொல்லக் கேட்டவர். எது எந்தப் பாதி என்று அவரிடம் இரண்டு முறை விசாரித்தேன். இரண்டு முறையும் வேறு வேறு பதில் வந்தது. அதனால் முழுவதையுமே கேள்விப்பட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு சிறிய கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இருபது முப்பது பேர் அங்கே கூடுவார்கள். கொஞ்ச நேரம் கண்மூடி உட்காருவார்கள். பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுவார்கள். அதை நடத்துபவர் அமிர்தவல்லி. பள்ளியில் புவியியல் நடத்திக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு வந்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அவரைவிட மூத்தவர்கள். அவரைக் குருவாகத்தான் நினைத்தார்கள். ஆனால் கூப்பிடுவது டீச்சர் என்று.

அவர்களில் ஒருவர் நாச்சிமுத்து. அறுபதை நெருங்கியவர். கணபதியில் வார்ப்பு இரும்பைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு மேலேயே வீடு. கீழே பறக்கும் தூசி படியேறி மேலே வரும். அவர் மனைவி கோகிலாமணிக்கு அதனால் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. "அடுத்த மழைக்காலத்துக்குள் அவரை இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள்" என்று டாக்டர் சொன்னார். அந்த மழைக்காலம் வந்து போய்விட்டது. இன்னொன்று வர இருந்தது.

வீடு வாங்க வசதி இருந்தது. எந்தப் பகுதியில் வாங்குவது என்பதுதான் முடிவாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நாச்சிமுத்து கண்மூடித்தான் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். மறுபடி எடுத்துப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்த மளிகைக்கடை கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணன் உக்காந்த எடத்துலயே ரேஸ்கோர்ஸை ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துட்டாரு பாருங்க."

"சும்மா இருங்க கிட்டு. எனக்கு இருக்கற கொடைச்சல் எனக்கு."

டீச்சர் ஒரு தட்டை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கண்ணா. இப்ப எதுல வந்து நிக்குது?"

"ரெண்டுல நிக்குதுங்க டீச்சர். ரேஸ்கோர்ஸ்ல ஒண்ணு, சாய்பாபா காலனில ஒண்ணு. ரேஸ்கோர்ஸுன்னா பேருங்க. சொன்னாவே ஒரு மரியாதை. மரமிருக்குது, காலைல நடக்க எடமிருக்குது. ஆனா அடுக்குமாடி. அடியில மண்ணு நம்முளுதில்லீங்க. சாய்பாபா காலனில தனி வீடு. கெணறுகூட இருக்குது. ஆனா அந்த வீதி குறுகலு. ரெண்டாவது காரு நிறுத்த எடமில்லீங்க."

"உங்ககிட்ட ரெண்டாவது கார் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. பையன் வாங்குவான்."

"அவர் எங்க இருக்கார்?"

"கனடால."

கிட்டுசாமி சிரித்துவிட்டார். "அப்ப கனடாவுலதானுங்கண்ணா எடம் பார்க்கோணும்."

நாச்சிமுத்துவும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க" என்றார் கிட்டுசாமி. "வடவள்ளில உங்க தங்கச்சி வீட்டு மாடி காலியாத்தான கெடக்குது? நீங்க முடிவு பண்ற வரைக்கும் அக்காவை அங்க கொண்டுபோய்..."

"தங்கச்சி வீட்டு மாடில போய் ஒண்டச் சொல்றீங்களா? ஒறம்பரை சனமெல்லாம் என்ன பேசும்? போனா சொந்த வீட்டுக்குத்தான் போவேன்."

டீச்சரைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். எந்த ஏரியாங்க?"

டீச்சர் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"ரெண்டு வீட்டையும் எந்த நேரத்துல போய்ப் பார்த்தீங்க?"

"நல்ல நேரம் பார்த்துத்தானுங்க. எத்தனை தடவை போனாலும் நல்ல நேரத்துலதான். ராகு காலத்துல நான் வாசப்படி தாண்டறதே இல்லீங்க."

"அப்ப ராகு காலத்துல எங்க இருப்பீங்க?"

"ஊட்லதானுங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் நாலரைக்கு முன்னாடியே இங்க வந்துருவேன். ஆறு மணிக்கு மேலதான் எந்திரிப்பேன்."

"மத்த நாள் எல்லாம் வீட்ல."

"ஆமாங்க."

"அப்ப, கெட்ட நேரம்னு நீங்க நெனைக்கற நேரம் பூராத்தையும் வீட்டுக்குள்ளதான் கழிக்கறீங்க."

அப்படி நாச்சிமுத்து யோசித்ததில்லை.

"வாங்கப்போற வீட்டுலயும் அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க."

"அந்த நேரத்துல அந்த வீடுக எப்படி இருக்குதுன்னு பார்த்துட்டு வாங்க. ஆரம்பிக்கறதுல இருந்து முடியற வரைக்கும் உள்ள உக்காந்திருங்க. அக்காவையும் கூட்டிட்டுப் போங்க."

"டீச்சர், அது வெளங்குமுங்களா?"

"உக்காரத்தான சொல்றேன்? கையெழுத்துப் போடச் சொல்லலியே."

புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு. அதற்குக் கொஞ்சம் முன்பே நாச்சிமுத்து மனைவியோடு ரேஸ்கோர்ஸ் வீட்டுக்குப் போய்விட்டார். தரகர் கதவைத் திறந்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கண்ணா, வெளையாடறீங்களா? ராகு காலத்துல வீடு காட்டுனேன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட வருவான்? நீங்க உக்காருங்க. நான் எதுத்தாப்புல டீக்கடையில இருக்கறேன். என்னைப் பார்த்ததாவே வச்சுக்காதீங்க."

வீடு காலியாக இருந்தது. கோகிலாமணி ஜன்னலோரம் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். நாச்சிமுத்து உட்காரவில்லை. மேல்மாடியில் யாரோ கட்டிலை இழுக்கும் சத்தத்தைக் கேட்டார். கரண்ட் போனபோது லிப்ட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வெளியே போகாமல் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். குளியலறையில் வாளியை வைத்துத் தண்ணீரின் வேகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க வந்து உக்காருங்க. காத்து நல்லா வருது" என்றார் கோகிலாமணி.

"இரு. அந்தப்பக்கம் சாக்கடை வாசம் வருதான்னு பார்த்துட்டு வந்தர்றேன்."

மறுநாள் சாய்பாபா காலனி. அங்கே மேற்கு வெயில் படுக்கையறைச் சுவரைச் சுட்டது. பக்கத்து வீட்டு நாய் நிறுத்தாமல் குரைத்தது. கோகிலாமணி கிணற்றடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து சுவருக்குச் சுவர் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னார். கட்டில் சத்தம், லிப்ட், வெயில், நாய், எதையும் விடவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், நல்ல நேரத்தில் இதெல்லாம் தெரியவே இல்லை என்றார். ஆனால் இரண்டிலும் குறை இருக்கிறது, இப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது என்றார்.

டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டார்.

"அக்கா அங்க இருமினாங்களா?"



"எந்த வீட்லங்க?"

"ரெண்டுல எதுலயாவது."

நாச்சிமுத்து இரண்டு வீடுகளையும் மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ளதானுங்களே இருந்தீங்க?"

"ஆமாங்க." அவர் போனை எடுத்தார். "இருங்க டீச்சர், அவகிட்டயே கேட்டுச் சொல்லிர்றேன்."

"வேண்டாங்கண்ணா. இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்குது. அதையும் பார்த்துட்டு வந்துருங்க."

"எதுங்க? ஆர்.எஸ்.புரத்துலயா?"

"கணபதில. இப்ப நீங்க இருக்கற வீடு. போனை அணைச்சுட்டு உக்காருங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களா? முப்பது வருசமா அங்கதான இருக்கறேன்."

டீச்சர் வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவரால் அதைச் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ராகு காலம் வந்தது, வீட்டில்தான் இருந்தார். ஆனால் போனை அணைக்கப்போகும் நேரத்தில் ஒரு தரகர் கூப்பிடுவார். ரேஸ்கோர்ஸ் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக ஒருவர் பயமுறுத்தினார். சாய்பாபா காலனியில் விலை இறங்கும் என்று இன்னொருவர் ஆசை காட்டினார். அவர் எழுந்து, நடந்து, பேசிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூடத்துக்குக் கிளம்பவில்லை. நாலரைக்கு நாற்காலியை நடுவீட்டில் போட்டு உட்கார்ந்தார். போனை அணைத்தார். பட்டறைக்கு விடுமுறை. கீழே ஒரு சத்தமும் இல்லை.

கோகிலாமணி ஏதோ துணி மடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெறும் தொட்டியில் வேகமாக விழுகிற சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது.

நாச்சிமுத்து போய்க் கதவைத் திறந்தார். கோகிலாமணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, மேடையைப் பிடித்தபடி குனிந்து இருமிக்கொண்டிருந்தார். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"குழாயை எதுக்குத் தொறந்து விட்டிருக்கற?"

"நீங்க போன்ல பேசுவீங்கல்ல."

"நான் பேசலியே."

கோகிலாமணி நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார். "பழகிப்போச்சுங்க."

"எப்ப இருந்து?"

"புரோக்கருக கூப்பிட ஆரம்பிச்சதுல இருந்து. நீங்க வெலை பேசறப்ப நான் கொக்கு கொக்குன்னா அவங்க என்ன நெனைப்பாங்க? அவசரத்துல வாங்கறாங்கன்னு வெலையை ஏத்திருவாங்கல்ல?"

கூடத்தில் அன்று எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டுக் கிட்டுசாமி ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் திறந்தார்.

"அண்ணா! மணி அஞ்சரைங்க!"

நாச்சிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. நேராக டீச்சர் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"குழாயைத் தொறந்து விட்டுட்டு இருமறாளுங்க டீச்சர். எங்காதுல விழக்கூடாதுன்னு."

டீச்சர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நான் பக்கத்து ரூம்லதானுங்க இருந்தேன். இத்தனை நாளும் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்."

"இப்ப எந்த வீடு தெறந்திருக்குதுங்கண்ணா?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"தங்கச்சி வீட்டு மாடிதானுங்க." பழக்கம் விடாமல் விரலை மடக்கினார். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மேல நேரம் நல்லாருக்குதுங்க. அப்பக் கெளம்பினா..."

"இப்ப என்னங்க?"

"இப்ப ராகு காலமுங்க டீச்சர்."

"நல்லதாப் போச்சு" என்றார் டீச்சர். "லாரியெல்லாம் சும்மா நிக்கும். போங்கண்ணா."

வேலுமணி அக்கா கதையை இங்கே முடிப்பதில்லை. வடவள்ளிக்குப் போன மறுநாளே கோகிலாமணிக்கு இருமல் நின்றுவிட்டது என்றும், ராகு காலத்தில் குடிபோனதால்தான் அப்படி என்றும் சேர்த்துச் சொல்வார். அது எனக்கு உறுத்தலாக இருந்தது. முகவரி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன்.

இருமல் நிற்கவில்லை. முன்னைவிடக் குறைவு என்று கோகிலாமணி சொன்னார். அவர்கள் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறார்கள். வீடு வாங்கவில்லை. நான் கேட்காமலேயே நாச்சிமுத்து இரண்டு பகுதிகளையும் எனக்கு விளக்க ஆரம்பித்தார். மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, எங்களோடு அங்கேயே உட்கார்ந்திருந்த கோகிலாமணிக்கு இருமல் வந்தது. நாச்சிமுத்து பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அது அடங்கும்வரை மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் எதில் விட்டோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. என்னிடம் கேட்டார்.